ராணியம்மாள் குழுவில் கேட்ட கேள்வி

ராணியம்மாள் எதையும் நேராகக் கேட்டவளில்லை. பக்கத்து வீட்டுக்குப் புளி வாங்கப் போனால், மருமகளிலிருந்து கன்றுக்குட்டி வரைக்கும் சௌக்கியம் விசாரித்துவிட்டு, புளியை மறந்து திரும்பி வருவாள். போன காரியத்தை வாசலிலேயே போட்டு உடைப்பது அவளைப் பொறுத்தவரை நாகரிகம் தெரியாதவர்கள் வேலை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் சின்னசேலம் சாலையை மறித்திருந்த அன்று, அவளுடைய சினைப்பசு பனியில் நனைந்த உளுந்தங்கொடியைத் தின்றுவிட்டு வயிறு ஊதி நின்றது. மாட்டு டாக்டர் வர வழியில்லை, போனையும் எடுக்கவில்லை. மிச்சமிருந்தது, பால் சொசைட்டியில் போன வாரம் அவளைச் சேர்த்துவிட்ட கறவைமாட்டு வாட்ஸப் குழு ஒன்றுதான்.

முன்பின் தெரியாதவர்களிடம் எடுத்த எடுப்பில் உதவி கேட்பதா? பசு பல்லை நறநறவென்று கடிக்கிறது, இவள் "எல்லாருக்கும் வணக்கங்க" என்று குரல் பதிவு போடுகிறாள். பதிலில்லை. கொட்டகைக்கு ஓடினாள், வாசலுக்கு ஓடினாள். "எல்லாரும் சாப்ட்டீங்களா? உங்க பக்கம் பஸ் ஓடுதுங்களா?" என்று இன்னொன்று போட்டாள். அதுதான் வினையாயிற்று. குழுவை நடத்துகிற சாதுல்லா சங்கராபுரத்தில் தீவனக் கடைக்காரர். காலையிலிருந்து வந்து விழுந்த மறியல் செய்திகளை அழித்து அழித்துச் சலித்துப்போயிருந்தார்.

"இங்க மாட்டுப் பேச்சு மட்டுந்தாங்க. நலம் விசாரிக்கிறதெல்லாம் வாணாம்" என்றார், அத்தனை பேர் முன்னால்.

"இன்னாத்தக் கேட்டுட்டேன் இப்போ!" ராணியம்மாள் போனைக் கட்டிலில் வீசினாள். கொட்டகையில் பசு வயிற்றை உதைத்துக்கொண்டு படுத்தேவிட்டது. அவளுடைய ரோஷம் போன இடம் தெரியவில்லை.

"ஏழு மாசச் சினை. காலைல உளுந்தங்கொடி தின்னுச்சி. எடது பக்கம் ஊதிக்கினு மூச்சு வாங்குது. இன்னா பண்றது, சொல்லுங்க!" இந்தத் தடவை குரல் பதிவில் வணக்கமுமில்லை, விசாரிப்புமில்லை.

உடனே சாதுல்லாவே கூப்பிட்டார். "எழுப்பி நிறுத்துங்க. முன்னங்கால் மேட்டுல இருக்கணும். மல்லாட்ட எண்ணெய கொஞ்சங்கொஞ்சமா ஊத்துங்க. தலைய ரொம்பத் தூக்காதீங்க, பொற ஏறிக்கும்."

பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூவி அழைத்துப் பசுவை எழுப்பினாள். கடலை எண்ணெயைப் பாட்டிலில் நிரப்பி வாயில் விட்டாள். பசு தலையை உதறியதில் பாதி அவள் புடவையில் போனது. வெகுநேரம் கழித்துப் பசு பெரிதாக ஏப்பம் விட்டது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ராணியம்மாள் வாய்விட்டு அழுதாள்.

சாதுல்லா இன்னும் போனிலேயே இருந்தார். "எப்பலருந்து ஊதிக்கினு இருந்திச்சி?"

"நான் வணக்கம் சொன்னேன் இல்லீங்களா, அதுக்கு முன்னாடியே" என்றாள்.