நீர்யானை கடித்த கை

பதுளை மாநகரின் மாபெரும் புதைபடிவ அரண்மனை, அதாவது எங்க வீட்டு பிஸ்கட் டின், இன்று காலை இரத்தத்தில் குளித்தது.

நம்ம புதைபடிவக் குழுவில் இருக்கிற யாழ்ப்பாணத்து மாஸ்டர், என் சேகரிப்பைப் பார்க்க தான் படிப்பிக்கிற ஹல்துமுல்லையிலிருந்து வந்திருந்தார். இரத்தினபுரி மாணிக்கக் குழியில் கிடைத்த நீர்யானைக் கோரைப்பல்லை, ராஜாவின் கிரீடத்தைக் கொடுப்பதுபோல் அவர் கையில் கொடுத்தேன்.

மனுஷன் அதை நக்கினார்! பழைய எலும்பு என்றால் நாக்கில் ஒட்டுமாம்.

"ஒட்டேல்லை ஐசே. இது சும்மா கல்லு."

"வெத்தலை போட்ட நாக்குல என்ன மாஸ்டர் ஒட்டும்?"

"பொறும், நுனியைச் சுரண்டிப் பாப்பம்" என்று பேனாக்கத்தியை எடுத்தார்.

அதுக்கு என் கழுத்தை அறுத்திருக்கலாம். பாய்ந்தேன். நான் இழுக்க, அவர் இழுக்க, மேசை கவிழ்ந்தது, தேத்தண்ணி வெள்ளமாகப் பாய்ந்தது, நமுனுகுல மலையே பயந்து ஓரடி தள்ளி உட்கார்ந்தது. கடைசி இழுப்பில் அந்தப் பல் என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டு, அவர் கட்டைவிரலிலும் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார்: "ரெண்டு பேரையும் என்ன கடிச்சது?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன்.

"கல்லு இப்பிடிக் கடிக்காது மிஸ்" என்று முனகினார். "நீர்யானைதான்."

பல்லில் ஒரு கீறல்கூட இல்லை. எத்தனையோ ஆயிரம் வருஷத்துப் பசி, பாவம்.

நீர்யானைக் கடிக்கு என்ன ஊசி என்று தெரிந்தவர்கள் உடனே கீழே எழுதுங்க. நர்ஸ் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காங்க.