மூன்று நாள் கஷாயம்

எங்கள் வீட்டில் நோய்க்கு ஒரு சட்டம் இருந்தது. மூன்று நாள் சமையலறைக்கு, நாலாம் நாள் டாக்டருக்கு. என் அப்பா வைத்த சட்டம். அவர் போன பிறகு மந்தைவெளியில் தனிக்குடித்தனம் வைத்தபோதும் அதை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் அது பலித்தது. பல்வலிக்குக் கிராம்பு, வயிற்று உப்புசத்துக்கு ஓமம், சளிக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி. தலைபாரத்துக்கு நெற்றியில் சுக்குப் பற்று. குழந்தைகளுக்கு வயதுக்கு ஒரு மிளகு, அதற்கு மேல் கூடாது. சாந்தோம் பக்கம் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். அளவோடு கொடுக்கிற மருந்து என்பதால் இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

யாருக்காவது உடம்புக்கு வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. எத்தனை தடவை இருமல், எத்தனை தடவை வாந்தி, எத்தனை வாய் கஞ்சி உள்ளே போயிற்று என்று என் மனைவியைக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். நேற்றைக்கு ஐந்து, இன்றைக்கு ஏழு என்றால் ஏன் இரண்டு கூடியது என்று கேட்பேன். அவள் அடுப்பை ஊதுவாள். பதில் இல்லாததால் மறுபடியும் கேட்பேன்.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். எங்கள் மூத்த பெண்ணுக்கு நாலு வயது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவள் பாயில் சுருண்டு படுத்திருந்தாள். தொண்டை வலி, லேசாக ஜுரம் என்றாள் என் மனைவி. உடனே சித்தரத்தையும் அதிமதுரமும் தட்டிப் போட்டு, நாலு மிளகு எண்ணிச் சேர்த்துக் கஷாயம் வைக்கச் சொன்னேன். சாயங்காலம் தெரியவந்ததால் புதன்கிழமையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு, சனி மூன்று. ஞாயிறு பூசை முடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை குழந்தையின் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியது. பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டோம். வாயில் ஒரு கெட்ட வாடை வந்தது. வயிறு சரியில்லை போல என்று நான்தான் சொன்னேன். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். இரண்டு கரண்டியில் ஒன்று மூக்கு வழியாக வெளியே வந்தது. அதையும் தாளில் குறித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், எங்கள் தெருவில் மிளகாய்ப்பொடியும் மஞ்சள்பொடியும் இடித்துக் கொடுக்கிற அம்மாள் வந்தாள். அடையாற்றுக் கரைக் குடிசையிலிருந்து வருபவள். உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுப் பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள்.

"இன்னா வாத்யாரே, கொயந்தை கழுத்து இப்டி கீது?"

"பொன்னுக்கு வீங்கி."

அவள் என்னிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வாயத் தொற கண்ணு. ஆ காட்டு." வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு என் மனைவியை நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள வெள்ளையா தோலு கணக்கா ஒட்டிக்கினு கீதும்மா. இது மொளகுக்கு அடங்காது. எங்க பக்கம் ரெண்டு கொயந்தைய இது வாரிக்கினு பூட்ச்சி. டாக்டராண்ட இட்னு போங்க."

"நாளைக்குத்தான் நாலாம் நாள்," என்றேன்.

"நாள் பாத்து போறதுக்கு இது இன்னா வாத்யாரே, கல்யாணமா?"

நான் சட்டத்தை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் என் மனைவி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் வாசலில் இறங்கிவிட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பக்கத்து லஸ் கடைத்தெருவில் ஒரு வயதான டாக்டர். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எத்தனை நாளாச்சு?"

"மூணு நாள்," என்றேன்.

"அஞ்சு," என்றாள் என் மனைவி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "திங்கக்கிழமை ராத்திரி சோறு முழுங்க முடியலைன்னு சொன்னா. செவ்வாய்க்கிழமை காலையிலேர்ந்து மிளகுப் பால் கொடுத்துட்டு வந்தேன்."

டாக்டர் கையைக் கழுவினார். "இது டிப்தீரியா, தொண்டை அடைப்பான். இதுக்கு ஊசி இருக்கு. முதல் ரெண்டு நாளுக்குள்ள போட்டா முழுசா கேக்கும். இப்பவும் போடலாம். நிக்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டார்கள். திங்கட்கிழமை தொண்டையில் இருந்த தோல் உரிந்து விழுந்தது. செவ்வாய்க்கிழமை குழந்தை மூக்கால் பேசினாள், கஞ்சி கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்று நம்பினோம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், தண்ணீர் குடிக்க எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். நோயின் விஷம் இதயத்துக்குப் போய்விட்டது என்றார்கள்.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் நான் என் மனைவியைக் கேட்டேன், அந்த இரண்டு நாளும் ஏன் சொல்லவில்லை என்று. கேட்டிருக்கக் கூடாது. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா நீங்க எண்ண ஆரம்பிச்சிடுவீங்க. எத்தனை தடவை இருமினா, எத்தனை வாய் சாப்பிட்டா, ஏன் கூடிச்சு, ஏன் குறைஞ்சிச்சுன்னு. என்னால பதில் சொல்லி முடியாதுங்க. பால்லயே போயிடும்னு நினைச்சேன்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். அவள் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போயிருப்போம். டாக்டர் சொன்னது இரண்டு நாள். அவள் சொல்லியிருந்தாலும் என் சட்டம் குழந்தையை அதற்கு முன்னால் வாசலைத் தாண்ட விட்டிருக்காது. இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் அந்த இரண்டு நாளைத் தன் மேல் போட்டுக்கொண்டு நடமாடுவதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அடுத்து ஒரு பையன் பிறந்தான். ஏழாம் மாதத்தில் ஒரு காலை அவன் தும்மினான். மூன்றாவது தும்மலுக்குள் நாங்கள் லஸ்ஸில் இருந்தோம். அதே டாக்டர். மார்பில் குழல் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எங்களை அவருக்கு ஞாபகம் இல்லை.

"வெறும் சளி. இதுக்கு என்கிட்ட ஏன் வரணும்? தாயார் ஒரு மிளகைத் தட்டி ரசம் வெச்சுக் குடிக்கட்டும், பால் வழியாவே போயிடும். வீட்டுல மிளகு இல்லையா?"

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை," என்றேன். அவர் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.