அழிக்கத் தெரியாத அசரியா

அசரியா யாரிடமும் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள் தவிர.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில் எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. பக்கத்துக் கடை பொன்னுரங்கம் ஸ்டுடியோ. நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு. அங்கே தும்மினால் இங்கிருந்து நான் 'நூறு வயசு' என்பேன். அசரியா அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்தான். கடப்பேரிக்காரன். மீசை முளைத்த வயதில் வேலைக்குச் சேர்ந்தவன், தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அங்கேயே இருந்தான்.

வாயில்லாப் பூச்சி என்பார்களே, அவன் அந்த ரகம். பொங்கல் அன்றைக்குக் கடை திறக்கச் சொன்னால் "ஆவட்டும் சார்" என்பான். கருவாட்டு நிறத்தில் இருக்கிற பையனை எலுமிச்சம்பழ நிறமாக ஆக்கச் சொன்னாலும் "ஆவட்டும்மா" என்பான். சொந்த அண்ணன் அப்பா வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டபோதும் "ஆவட்டும்ணா" என்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போனான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கெல்லாம் கோபம்னு ஒண்ணு வெச்சானா இல்லியாடா ஆண்டவன்?" என்று கேட்டேன். "வெச்சிருப்பாருக்கா, அடியில எங்கனா இருக்கும்" என்று சிரித்தான்.

ஆனால் அவன் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரன். எதையும் அழிக்க மாட்டான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பழக்கம் இருந்தது. நெகடிவில் வேண்டாத இடத்தில் மெல்லிய பிரஷ்ஷால் சிவப்பு மை பூசுவான். பூசின இடம் பிரிண்டில் வெள்ளையாகிவிடும். பாஸ்போர்ட் போட்டோவில் பின்னால் தெரிகிற பீரோ, துணிக்கொடி எல்லாம் அப்படித்தான் காணாமல் போகும். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் பிளேடால் சுரண்டுகிற இடத்தில்கூட இவன் மைதான் பூசுவான். ஈரப் பஞ்சால் துடைத்தால் மை போய்விடும், பழைய படம் பழையபடி இருக்கும்.

தொண்ணூற்றாறில் பொன்னுரங்கம் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கிப் போட்டார். அசரியாவுக்குப் புது மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. கொஞ்ச நாளில் அதில் மாஸ்க் என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, டீ டம்ளரோடு என் பூத்துக்கு ஓடி வந்தான்.

"அக்கா, படத்து மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு தாள் போட்ட மாதிரிக்கா. அந்தத் தாள்ல கறுப்பு பூசினா அடியில கீறது மறைஞ்சிடும். வெள்ளை பூசினா திரும்பி வந்துடும். சாம்பல் பூசினா பாதி தெரியும். ரப்பர் வெச்சி அழிச்சா போனது போனதுதான். இதுல எதுவுமே போவாதுக்கா, அடியில அப்டியே கீது."

"அப்ப எங்க மாமியாருக்கு ஒண்ணு போட்டுக் குடு" என்றேன்.

"போடலாங்கா. ஆனா எப்ப வேணா திரும்பி வந்துடுவாங்க."

அந்த மாஸ்க்கால் அவனுக்கு ஊரில் பெயர்கூட வந்தது. முடிச்சூரில் ஒரு கல்யாணம். முதல் மாலையைத் தனக்குப் போடவில்லை என்று பெண்ணின் தாய்மாமன் பந்தியில் பாதியில் எழுந்து போய்விட்டார். பெண்ணின் அப்பா ஆல்பத்திலிருந்து அவரைத் தூக்கச் சொன்னார். அசரியா தூக்கினான். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு. தாய்மாமன் இல்லாமல் வளைகாப்பா? சமாதானம் ஆகிவிட்டார்கள். பெண்ணின் அப்பா அசடு வழிய வந்து நின்றார். அசரியா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மௌஸை ஒரு தட்டுத் தட்டினான், தாய்மாமன் முறுக்கிய மீசையோடு மணமேடைக்குத் திரும்பி வந்துவிட்டார். முடிச்சூர் முழுக்க அதே பேச்சு. ஹார்ட் டிஸ்க் ரொம்பி வழிகிறது என்று பொன்னுரங்கம் கத்துவார். அசரியா தலையை ஆட்டுவான், ஒன்றையும் நீக்க மாட்டான்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாருக்கும் இல்லையென்று சொல்ல அவனால் ஆகாது. அதனால் கேட்டதைச் செய்துவிட்டு, கேட்டவருக்கே தெரியாமல் பழையதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறான். அதுவரைக்கும் அது பலித்தும் வந்தது.

அந்தப் பேச்சைக் கேட்காதவர் முடிச்சூரில் ஒருத்தர் இருந்தார் போலிருக்கிறது. ஜெயவேலு. நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்று, மொசைக் தரையோடு பெரிய வீடு கட்டியவர். அவர் மூத்த பெண் சாமுண்டீஸ்வரி வேறு சாதிப் பையனோடு ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு சூரத்துக்குப் போய்விட்டாள். ஜெயவேலு அவள் துணிமணி, பள்ளிக்கூடத்துப் போட்டோ எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டார். கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படம் ஒன்றுதான் தப்பியது. அது பொன்னுரங்கம் ஸ்டுடியோவில் எடுத்தது. ஜெயவேலுவும் மனைவி பொன்னியம்மாளும் நாற்காலியில், பின்னால் இரண்டு பெண்கள். மூத்தவள் அம்மா பின்னால், சின்னவள் தனம் அப்பா பின்னால்.

தனத்தைப் பெண் பார்க்கப் படப்பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அதற்காகத்தான் அவர் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"மாட்டி வெச்சா இது யாருன்னு கேப்பான். கழட்டிட்டா சுவத்துல சதுரமா தடம் தெரியும், இங்க இன்னா இருந்துச்சின்னு கேப்பான். சொந்தக்காரனுங்களுக்கு வெறும் வாயை மென்னுகினு இருந்ததுக்கு அவல் கெடச்சா மாதிரி ஆயிடும். சின்னவளையாவது கரையேத்தணும்பா. பெரியவளத் தூக்கிட்டு இதே சைஸ்ல போட்டுக் குடு" என்றார்.

"ஆவட்டும் சார்" என்றான் அசரியா.

பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. ஜெயவேலு கொடுத்துவிட்டுப் போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தபடி உட்கார்ந்தார். அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட என் பூத்துக்கு வந்தபோது மூக்குக்கண்ணாடிக் கூட்டை அங்கேயே மறந்து வைத்திருந்தார். அதைக் கொடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நாகரிகம் இல்லைதான். ஆனால் யாரால் நகர முடியும்?

பின்னால் நீலத் திரை என்பதால் சுலபமான வேலை. சாமுண்டீஸ்வரியின் தலையிலிருந்து ஆரம்பித்தான். பூ மறைந்தது, நெற்றி மறைந்தது, கண் மறைந்தது. ஜெயவேலு கனைத்துக்கொண்டே இருந்தார். அசரியாவுக்குக் கை அவசரப்பட்டது. தனத்தை நடுவுக்கு நகர்த்தினான், பொன்னியம்மாளின் புடவைத் தோளைச் சரிசெய்தான். முடிந்தது. பெண் இருந்த சுவடே இல்லை.

ஜெயவேலு திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன், அசரியாவும் பார்த்தான். அவன் அப்போது ஒன்று செய்தான் பாருங்கள், இந்தப் பூமியில் அவனைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். ஆறுதல் சொன்னான்.

"வெசனப்படாதீங்க சார். பாப்பா எங்கயும் போவல. உள்ளதான் கீது, பாருங்க" என்று மௌஸைத் தட்டினான்.

சாமுண்டீஸ்வரி திரும்பி வந்துவிட்டாள். மல்லிகைப்பூவும் மூக்குத்தியுமாக, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜெயவேலு முக்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் அது சாய்ந்தது. "மறைச்சா வெச்சிகீற? நாளைக்கு எவனாவது தட்டினா வந்து நிப்பாளா? அழி. என் கண்ணு முன்னாடி அழி."

"சார், இருந்துட்டுப் போவட்டும் சார். யாருக்கும் தெரியாது…"

"அழிக்கிறியா, இல்ல பொட்டியத் தூக்கிப் போட்டு ஒடைக்கட்டுமா?"

அசரியா என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன்? அவருடைய பெண், அவருடைய படம். அவன் திரையின் பக்கம் திரும்பினான். மறைத்ததை நிரந்தரமாக்கி மாஸ்க்கை நீக்கக் கட்டளை கொடுத்ததும் கம்ப்யூட்டரே ஒருமுறை நின்று, சரிதானா என்று கேட்டது. சரி என்று தட்டினான். எல்லாம் ஒரே தாளாகிவிட்டது. ஜெயவேலு விடவில்லை. கம்ப்யூட்டரில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்குமாமே, அதையும் கொட்டச் சொன்னார். ஸ்கேன் செய்த மூலப்படம் போனது. நெகடிவைக் கேட்டு வாங்கினார். அசல் படத்தைச் சட்டத்திலிருந்து உருவி, புதுப் படத்தை அதில் போட வைத்தார். நெகடிவையும் அசலையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அவை அன்றைக்கே அடுப்புக்குப் போயிருக்கும்.

அசரியா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "நான் வாய மூடிகினு இருந்திருக்கலாங்கா" என்றான். இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டே இருந்தவன், திறந்த ஒரு தடவை இப்படி ஆயிற்றே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தனத்தின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இரண்டு வருஷம் போனது.

ஒரு நாள் காலையில் பொன்னியம்மாள் என் பூத்துக்கு வந்தார். அக்குளில் துண்டு சுற்றிய ஒரு சட்டம். கையில் ஒரு சூரத் நம்பர், யாரோ தெரிந்தவர் கொடுத்ததாம். போட்டுக் கொடுத்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் இந்தியில் சொன்னது, பிறகு இங்கிலீஷில் சொன்னது. பொன்னியம்மாளுக்கு இரண்டும் தெரியாது. "யாரோ பொண்ணு பேசுதே, அவளாம்மா?" என்று கேட்டார். இல்லையென்று நான்தான் சொன்னேன்.

அவர் ரிசீவரை வைத்துவிட்டு நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனார். மனசு கேட்காமல் நானும் போனேன்.

"தம்பி, நீதானே தாய்மாமனத் திருப்பிக் கூட்டியாந்தவன்? நீ அழிக்க மாட்டியாம், மறைச்சுத்தான் வெப்பியாமே. எங்க பெரியவள எடுத்துக் குடுப்பா. அவுரு கிட்ட சொல்ல மாட்டேன். ஒரு தடவ பாத்துட்டுத் தந்துடறேன்."

அசரியா தலையை இடவலமாக ஆட்டினான்.

"இல்லியா? அடியிலகூட இல்லியா?"

"இல்லம்மா. சார் இருந்து… எல்லாத்தயும்…"

பொன்னியம்மாள் புருஷனைத் திட்டவில்லை. அவனையும் திட்டவில்லை. "மூஞ்சி மறந்துகினே வருதுப்பா" என்றார். "மூக்குத்தி ஞாபகம் கீது. மூக்கு வர மாட்டேங்குது."

பிறகு துண்டை அவிழ்த்துச் சட்டத்தை மேசைமேல் வைத்தார். அவன் செய்துகொடுத்த அதே படம். ஜெயவேலு, பொன்னியம்மாள், நடுவில் தனம். பொன்னியம்மாள் படத்தில் இருந்த தன் இடது தோளைத் தொட்டார். மஞ்சள் பட்டுப் புடவையின் மடிப்போடு மடிப்பாக, சின்னச் சின்னதாக ஏதோ நான்கு இருந்தன.

"இது இன்னான்னு பாரு."

அசரியா லென்ஸை வைத்துப் பார்த்தான். விரல்கள். சாமுண்டீஸ்வரி படம் எடுக்கும்போது அம்மாவின் தோளில் கை வைத்திருந்தாள். அன்றைய அவசரத்தில் அவன் கையை மறைத்தான், புறங்கையை மறைத்தான், நுனி விரல்கள் புடவையோடு கலந்து தப்பிவிட்டன. பெண் பார்க்க வந்தவர்கள் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்த ஜெயவேலு பார்க்கவில்லை.

"மாட்டின அன்னிக்கே நான் பாத்துட்டேன்" என்றார் பொன்னியம்மாள். "யாருக்கும் சொல்லல. விளக்கேத்தும்போது தெனமும் பாத்துகினுதான் கீறேன்."

அசரியா லென்ஸைக் கீழே வைத்தான். அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"கை இருக்குதே தம்பி. அத வெச்சி மூஞ்சிய எடுக்க முடியாதா?"

அவன் எத்தனை பேருக்கு எத்தனை "ஆவட்டும்" சொன்னவன். இப்போது ஒன்று சொல்லிவிடமாட்டானா என்று நான்கூட எதிர்பார்த்தேன்.

"முடியாதும்மா" என்றான்.

சொல்லிவிட்டும் சும்மா இருக்க முடியவில்லை அவனுக்கு. படத்தை ஸ்கேனரில் வைத்து, அந்த விரல்களைத் திரையில் பெரிதாக்கினான். முதலில் நகம் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினான். நகம் போய் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள் வந்தன. இன்னும் பெரிதாக்கினான். வெறும் சதுரங்கள். எது புடவை, எது விரல் என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனாலும் அவன் கை நிற்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தான்.

பொன்னியம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம்பா. பெருசாக்கினா அதுவும் பூடுது. சின்னதாவே இருக்கட்டும்."

படத்தை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு முடிச்சூர் பஸ்ஸுக்குப் போனார்.