தொழுகைக்கு நடுவே என் விளக்கவுரை

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'திருத்தல் வாத்தியார்'. பள்ளிக்கூடத்தில் சமயப் பாடம் எடுக்கிறேன். எல்லா மதமும் என் கைவசம். யார் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவார்கள், எப்போது குனிவார்கள், எதைக் கழற்றி வைப்பார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். "சாமியே நேர்ல வந்தாலும் நிக்க வெச்சு மார்க் போடுவீங்க" என்பாள் என் மனைவி. வீட்டில் விளக்கேற்றுவது அவள். அந்த நேரத்தில் நான் பேப்பர் படிப்பேன்.

இந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை உதித்துத் தொலைத்தது. வாரம் ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து யாராவது வந்து, தாங்கள் வழிபடுவதை வகுப்பில் செய்து காட்ட வேண்டும். வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் பெண். சரியான வாயாடி, முன் பெஞ்சிலிருந்து என்னையே மடக்குவாள். அவள் அம்மாவுக்குத் துணிக் கம்பெனியில் இஸ்திரி போடும் வேலை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவர். மகள் கெஞ்சிக் கூத்தாடி, அரை நாள் லீவு போட வைத்து, மதியத் தொழுகை நேரத்துக்கு அழைத்து வந்துவிட்டாள்.

அந்த அம்மா விரிப்பை விரித்தார். என் நாற்காலியை அதன்மேல் இழுத்துப் போட்டு, உட்கார்ந்தபடியே தொழ ஆரம்பித்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஸ்கேலும் கையுமாகப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பிள்ளைங்களா, கவனிங்க. இந்த இடத்துல நெத்தி தரையில படணும். நாற்காலியில உட்கார்ந்து செய்யறது நம்ம புத்தகத்துல இல்ல. பரீட்சையில இப்படி எழுதிடாதீங்க."

தொழும்போது பேசக் கூடாது என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அவர் பேசவில்லை. கடைசியில் வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பி முடித்தார். இடப்பக்கம் நான் நின்றிருந்தேன். விரிப்பை மடித்துக்கொண்டு, "வரேன் சார்" என்று போய்விட்டார். மகள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து என் பாடவேளையில் அவள் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், 'உங்க அம்மாவுக்குத் தொழக்கூடத் தெரியாதாமே'ன்னு பசங்க அவளைக் கேலி பண்றாங்க. இனிமே உங்க வகுப்புக்கே வரமாட்டாளாம்" என்றார்.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி. ஏறி முடித்தபோது மன்னிப்புக் கேட்க மூச்சு மிச்சமில்லை. அந்த அம்மா தண்ணீர் கொடுத்து, நான் ஆசுவாசப்படும்வரை காத்திருந்தார்.

"நாள் முழுக்க நின்னு நின்னு முட்டி போயிடுச்சு சார். தரையில மடக்கி உட்காரக் கூடாதுன்னுட்டார் டாக்டர். முடியாதவங்க உட்கார்ந்தே தொழலாம். அன்னிக்கே சொல்லியிருப்பேன், தொழுகைக்கு நடுவுல எப்படிப் பேசறது?"

"மன்னிச்சுடுங்கம்மா."

"என்கிட்ட எதுக்கு சார்? பிள்ளைங்க முன்னால சொன்னதைப் பிள்ளைங்க முன்னாலயே சரி பண்ணுங்க." சற்றுப் பொறுத்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்: "ஆமா, நீங்க எப்படிக் கும்பிடுவீங்க?"

எனக்குப் பிடித்த கேள்வி. "எங்கள்ல பொதுவா காலையில குளிச்சிட்டு, விளக்கேத்தி..." என்று பாடத்தைத் தொடங்கினேன்.

"பொதுவா இருக்கட்டும் சார். நீங்க?"

மனைவி விளக்கேற்றும்போது நான் பேப்பர் படிப்பதுதான் நினைவுக்கு வந்தது. கதவோரம் நின்றிருந்த மகள் அன்று முதல்முறையாகப் பேசினாள்: "அப்போ சாரும் எல்லார் முன்னாலயும் கும்பிட்டுக் காட்டட்டும். நான் வகுப்புக்கு வரேன்."

வீட்டில் சொன்னதும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். அங்கே பிரமாதமாக வந்தது.

வகுப்பில் முதலில் உள்ளதைச் சொன்னேன். "அந்த அம்மா செஞ்சது சரி. தப்பு என்னோடது. முடியாதவங்க உட்கார்ந்து தொழலாம், அது எனக்குத் தெரியல." அவள் முன் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகூப்பிக் கண்ணை மூடினேன். மனப்பாடம் பண்ணியிருந்த பாட்டு முதல் வரியோடு காலை வாரிவிட்டது. அத்தனை பேர் பார்க்கும்போது இப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் உறைத்தது. நல்லவேளை, பக்கத்தில் ஸ்கேலோடு யாரும் நிற்கவில்லை. வேறு வார்த்தை எதுவும் வராமல், இந்தப் பொண்ணு திரும்ப நூலகத்துக்குப் போயிடக் கூடாது சாமி என்று அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

கண்ணைத் திறந்தேன்.

"முடிஞ்சுதா சார்?" என்றாள்.

"சரியாக் கும்பிட்டேனான்னு தெரியலம்மா."

"பரவால்ல சார். எங்க அம்மாவும் சில நாள் தொழுது முடிச்சிட்டு அப்படித்தான் சொல்வாங்க."