நாலு தாளுக்கு ஒரு குடிபெயர்வுச் சான்றிதழ்

இந்த மலையில் தபால்தலைகளை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. வாங்கிய மூன்றாம் நாள் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே தடித்த தபால்தலையாகிவிடும். இங்கே மேகம் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வருகிறது. ஜன்னல் வழியாக நுழைந்து, சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்து, உப்பைக் கரைத்து, தீப்பெட்டியை நமுக்கவைத்து, அலமாரியில் இருக்கும் வெற்றுக் கடித உறைகளைத் தானே ஒட்டி மூடிவிட்டுப் போகிறது. வெயிலில் புத்தக அட்டை அப்பளம்போல் வளையும் திருச்சியில் பிறந்தவள் நான். ஊருக்கு இதை எழுதினால் என் தங்கை நம்புவதில்லை. "அக்கா, கதை விடாதே" என்று பதில் போடுகிறாள். கெட்டில் ஆவியில் தபால்தலை பிரிக்கும் வித்தை கைவராமல் போயிருந்தால் நான் எம்.ஏ. முடித்திருக்கமாட்டேன் என்று சொன்னால் அதையும் நம்பமாட்டாள். அவளுக்கும், கடல் தாண்டி வந்து பாதிப் படிப்பைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் கணவர் இலங்கை மலைநாட்டில், திம்புள்ளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். பறித்த கொளுந்து தொழிற்சாலைக்குள் வந்ததிலிருந்து தூளாகிப் பெட்டியில் ஏறும்வரை அவர் பொறுப்பு. அதனால் இங்கே எனக்குப் பெயர் கிடையாது, எல்லோருக்கும் டீமேக்கரம்மாதான். மணமாகி வந்தபோது நான் வரலாற்றில் எம்.ஏ. முதல் வருடம் முடித்திருந்தேன். முடித்திருந்தேன் என்பதுகூடச் சரியான சொல் இல்லை. மாப்பிள்ளைக்கு மூன்று வாரம்தான் விடுமுறை. நான்காவது தாளைக் காலையில் எழுதிவிட்டு மாலையில் நிச்சயதார்த்தத்துக்கு உட்கார்ந்தேன். சபையில் வணங்கும்போது மாமியார் என் விரலைப் பிடித்து, "மருதாணி ஏன் நீலமாக இருக்கிறது?" என்று கேட்டார். விடைபெறப் போனபோது எங்கள் பேராசிரியை சொன்னது ஒரே வரி: "அரை எம்.ஏ. என்று ஒன்று உலகத்தில் இல்லை, பெண்ணே." அந்த வரி என்னோடு கப்பலேறி, ரயிலேறி, தலவாக்கலையில் இறங்கி, எங்கள் குவாட்டர்ஸில் ஐந்து வருடம் வாடகை இல்லாமல் குடியிருந்தது.

திரும்பவும் திருச்சிக்குப் போய், விடுதியில் தங்கி, முதலிலிருந்து படிப்பதென்றால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதைவிட, என் கணவர் தன் கையால் சமைத்துச் சாப்பிட்டு இரண்டு வருடம் உயிரோடிருப்பாரா என்பதே சந்தேகம். தேயிலையைத் தவிர வேறெதைக் கொதிக்கவைத்தாலும் அவருக்குக் கரிந்துவிடும். அப்படியிருக்கையில் ஒரு நாள் தங்கை அனுப்பிய முறுக்குப் பொட்டலத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். வட இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் பெண்களை வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுத அனுமதிக்கிறதாம். வேறு இடத்தில் தேறிய தாள்கள் இருந்தால் அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாம். மீதித் தாள்களுக்குக் கட்டணம் கட்டி, தேர்வுக்கு மட்டும் நேரில் போனால் போதும். முறுக்கு நமுத்துப்போகும்வரை அந்தத் துண்டையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்ப நகரத்துக்குப் போனேன். போஸ்ட்மாஸ்டர் சிங்களவர், நல்ல மனிதர். உறைக்குள் என்ன என்று கைச்சாடையால் கேட்டார். "எம்மே" என்றேன். அவர் முகம் மாறியது. "எம்மே, எம்மே" என்று அழுத்திச் சொன்னேன். உடனே எழுந்து வந்து ஒரு முக்காலியைப் போட்டு, "லெடக்த?" என்றார். ஏதாவது நோயா என்று பொருள். வலி தாங்காமல் நாம் "அம்மா" என்பதை அவர்கள் "அம்மே" என்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் ஆளனுப்பி இஞ்சி போட்ட வெறுந்தேநீர் வரவழைத்தார். மறுப்பது மரியாதையில்லை என்று குடித்தேன். கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையின் மேல் எழுதியிருந்ததைப் படித்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குக் கடிதம் வரும்போதெல்லாம், "அம்மே நோனா", அதாவது அம்மே அம்மணி, என்று கூப்பிட்டுக் கொடுப்பார்.

வடக்கிலிருந்து பதில் வந்தது. என் நான்கு தாள்களையும் ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் பழைய பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு 'மைக்ரேஷன் சர்ட்டிபிகேட்', அதாவது குடிபெயர்வுச் சான்றிதழ், வாங்கி அனுப்பவேண்டும். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவர்கள் எல்லோரும் வாங்குகிற சாதாரணத் தாள்தான் அது. திருச்சியில் அதைக் கேட்டால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் எந்த மலையில், எந்தக் காலத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறோம் என்று நான் யோசித்திருக்கவேண்டும். அந்த வருடங்களில் தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு நாட்டுக் குடியுரிமை விண்ணப்பம் இருந்தது. எங்களிடமாவது இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. வருடந்தோறும் தங்கும் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்வோம். லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளிகளில் பெரும்பாலோரிடம் எந்த நாட்டுத் தாளும் இல்லை; எப்போது இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான் இருந்தது. அங்கே 'குடிபெயர்வு' என்பது, பாலைத் திருடும் பூனையின் பெயர்போல, எல்லோருடைய காதிலும் உடனே விழுகிற சொல்.

சான்றிதழ் கேட்கும் படிவத்தில் ஒரு சமாதான நீதவான் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் துரை, அதாவது தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரர், சமாதான நீதவானும்கூட. என் கணவர் படிவத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். பெரிய கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "என்ன டீமேக்கர், போறியள் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லையே?" என்று கேட்டிருக்கிறார்.

"இப்பத்தான் முடிவாச்சு" என்றாராம் இவர், நான் தேர்வு எழுதப் போவதை நினைத்துக்கொண்டு.

துரை படிவத்தை வெகுநேரம் பார்த்தாராம். "அப்படியானால் தீர்மானித்துவிட்டீர்களா?"

"ஆமாம் சார். என் மனைவிக்குத்தான் ரொம்ப விருப்பம்."

"எப்போது?"

"ஏப்ரலில், சார்."

"வருத்தமாக இருக்கிறது. ஆனால் உங்கள் முடிவு புரிகிறது" என்று கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்று கையும் குலுக்கியிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து அதே கையை எனக்குக் காட்டினார். "ஒன்பது வருஷத்துல இன்னிக்குத்தான் துரை எனக்குக் கை குடுத்தார். படிப்புன்னா வெள்ளைக்காரனுக்கு எவ்வளவு மரியாதை பாரு!" வருத்தமாக இருக்கிறது என்று ஏன் சொன்னார் என்று நான் கேட்டேன். "நீ போய்ட்டா நான் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவேன்னு நெனச்சிருப்பார்" என்றார் இவர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அடுத்த இரண்டு மாதம் நான் ஐரோப்பிய வரலாற்றுக்குள் இருந்தேன். வெளியே நடந்தது எதுவும் கண்ணில் படவில்லை. இவர் இரவுச் சாப்பாட்டின்போது கேள்வி கேட்பார். அவருக்கு எல்லாமே தேயிலைதான். பிரெஞ்சுப் புரட்சியைச் சரியாகச் சொன்னால், "முதல் தரத் தூள்" என்பார். வியன்னா மாநாட்டில் தடுமாறினால், "இது வெறும் காம்பு, மறுபடி சலிச்சு எடு" என்பார். இதற்கிடையில் ஆட்கள் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு புதிய கனிவு வந்திருந்தது. பெரட்டுக்குப் போகும் பெண்கள், காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் அந்த வரிசைக்கு நேரமாகிறதென்று ஓடுகிறவர்கள், என் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். படிக்கிறவளுக்குத் தரும் ஆதரவு என்று நினைத்து மனம் நெகிழ்ந்தேன்.

மாரியம்மன் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வரச்சொன்னார்கள். போனால் மாலை, தேங்காய், மேளம். பெரிய கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்: "ஐயாவும் அம்மாவும் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். எங்கள மட்டும் மறந்துறாதீங்க." ஒரு தேர்வுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் பதில் பேசினேன். "நாலு தாள்தான். எழுதி முடிச்சுட்டா போதும். உங்க ஆசீர்வாதம் இருந்தா ஒரே தடவையில முடிஞ்சிரும்" என்றேன். கூட்டத்தில் பாதிப்பேர் அழுதார்கள். எதை ஒரே தடவையில் முடிக்கப் போகிறேன் என்று நினைத்தார்களோ தெரியவில்லை. கடைசியில் ஒரு புது இரும்பு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்கள். என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அதனால் அதன் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் 'டீமேக்கரம்மா, இந்தியா' என்று எழுதியிருந்தது.

அந்தப் பெட்டி வந்த ஐந்தாம் நாள், எங்கள் வாசலில் ஒரு லாரி நின்றது. கட்டில், உரல், கூண்டில் ஆறு கோழி, அவற்றின் நடுவே ஒரு தம்பதி. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். அந்த ஆள் பணிவாகக் கும்பிட்டு, "நான் புது டீமேக்கருங்க. நீங்க காலி பண்ணுற வரைக்கும் ஒரு மூலையில இருந்துக்கிறோம்" என்றார். என் கணவர் கையில் இருந்த தேநீர்க் கோப்பையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கூண்டிலிருந்து இறங்கிய கோழிகள் என் புத்தகங்களை நோக்கி நடந்தன.

லயத்திலிருந்து மாரியாயி ஓடிவந்தாள். கொளுந்து பறிப்பவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், இந்த மலையில் என் முதல் சிநேகிதி. விஷயத்தை அவளிடம்தான் முதலில் சொன்னேன். "நாங்க எங்கயும் போகல மாரியாயி. அது படிப்புக்கான கடுதாசி."

அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏங்கம்மா, ரெண்டு மாசமா நாங்க தூங்கல தெரியுமா? டீமேக்கரையாவையே அனுப்புறாங்கன்னா எங்கள வச்சிருப்பாங்களான்னு லயத்துல ஆளாளுக்கு மூட்டை கட்டிக்கிட்டு இருக்காங்க. எம் புருசன் ஆட்டையே வித்துட்டாரு!"

அந்த ஆட்டைப் பற்றிக் கேட்டதும்தான் எனக்கு அதுவரை வந்துகொண்டிருந்த சிரிப்பு நின்றது. புடவையை மாற்றிக்கொண்டு நேரே துரை பங்களாவுக்கு நடந்தேன். இவர் பின்னாலேயே வந்தார், வாசலில் நின்றுகொண்டார். நான் என் ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, அது பல்கலைக்கழகச் சான்றிதழ் என்று விளக்கினேன்.

துரை புருவத்தைத் தூக்கினார். "பிறகு ஏன் குடிபெயர்வு என்று போட்டிருக்கிறது? யார் குடிபெயர்வது?"

"என் மதிப்பெண்கள், சார். நான் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற என் கணவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. புது டீமேக்கரை வேறு தோட்டத்தில் போடப் பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளும் எங்கள் குவாட்டர்ஸில் இரண்டு டீமேக்கர்கள் ஒரே தேநீரைச் சுவைத்து இரண்டு தரம் சொன்னார்கள். புதியவரின் மனைவி நன்றாகச் சமைத்தாள். இவர் அவர்கள் போனதற்காக மெய்யாகவே வருந்தினார்.

சான்றிதழ் வந்த அன்று மாரியாயியும் நாலைந்து பெண்களும் அதைப் பார்க்கவேண்டும் என்றார்கள். இவ்வளவு ஆட்டத்துக்கும் காரணம் உள்ளங்கை அகலத் தாள். படித்துப் பொருள் சொன்னேன்: 'இவர் வேறு இடத்தில் சேர்வதில் எமக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.'

"அவ்வளவுதானா?" என்றாள் மாரியாயி.

"அவ்வளவுதான்."

அவள் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இங்க இருக்கிறதுல ஆட்சேபனை இல்லன்னு எங்களுக்கும் யாராச்சும் இப்படி ஒரு கடுதாசி குடுத்தா தேவல" என்று சொல்லித் திரும்பக் கொடுத்தாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். குடுத்ததை வாங்கமாட்டோம் என்றார்கள். அதில்தான் என் புத்தகங்கள் வடக்கே போயின.

நான் தேறிவிட்டேன். இரண்டாம் வகுப்பு. பட்டம் தபாலில் வந்தது. 'அம்மே நோனா' என்று போஸ்ட்மாஸ்டர் வாசலுக்கே எழுந்து வந்தார். துரை மறுபடியும் என் கணவரோடு கை குலுக்கினார். மாரியாயியின் புருஷன் வேறு ஆடு வாங்கினார். ஆனால் எம்.ஏ. என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அந்தப் பட்டம் இல்லை. தேர்வு எழுதிய இடம்.

தலைமன்னாரில் கப்பலேறி, திருச்சியில் ஒரு நாள் நின்று, மேலும் இரண்டு நாள் ரயிலில் போய்ச் சேர்ந்தேன். அனுமதிச் சீட்டில் 'வெளிநாட்டு விண்ணப்பதாரர்' என்று அச்சிட்டிருந்தார்கள். என் பாஸ்போர்ட்டைக் காட்டி நான் இந்தியப் பெண் என்றேன். மேற்பார்வையாளர், வெற்றிலைக் கறையுள்ள முதியவர், என் முகவரியைத் தொட்டுக் காட்டினார். சிலோன் என்று இருக்கிறதே, என்ன செய்யலாம்? வெளிநாட்டார் இந்திய மாணவர்களோடு உட்காரக்கூடாது என்பது விதி. நானோ ஒரே ஒரு வெளிநாட்டுக்காரி; எனக்கென்று தனி அறையும் இல்லை. அவர் நெடுநேரம் யோசித்து, ஒரு மேசையைத் தேர்வுக்கூடத்தின் வாசற்படியில் போடச் சொன்னார். முன்கால் இரண்டும் கூடத்துக்குள், பின்கால் இரண்டும் வராந்தாவில். வினாத்தாளைத் தரும்போது அன்போடு, மெதுவான ஆங்கிலத்தில், "எங்கள் நாடு பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார். மிகவும் அழகாக இருக்கிறது என்றேன். நடுவே உயர்ந்திருந்த வாசற்படியில் மேசை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. யாராவது தண்ணீர் குடிக்க வெளியே போகவேண்டுமென்றால் நான் எழுந்து மேசையைத் தூக்கி வழிவிட வேண்டியிருந்தது. வழிவிட்டு, திரும்ப வைத்து, இடது முழங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாலு தாளையும் எழுதினேன்.