ஒட்டாது என்று சொன்ன பிறகும்

“…எல்லார் தோல்லயும் அந்த வைரஸ் இருக்குதுன்னா, இதோ என் பொண்ணு தோல்லயும் இருக்குமா டாக்டர்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மகள் என் மடியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தொட்டு மாதக்கணக்காகிறது.

ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் கம்பெனியில் தோலைக் குரோம் உப்பில் ஊறவைத்துச் சுழற்றும் டிரம்மில் அவருக்கு வேலை. அந்த வேலையில் கையில் புண் வராத ஆள் கிடையாது. வலிக்காது, பள்ளம் மாதிரி விழும். அதற்கு ஆட்கள் வைத்திருக்கிற பேர் ‘கம்பெனி முத்தம்’. இவர் முழங்கைக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் ஒரு மொட்டு கிளம்பியபோதும், “இன்னாபா, உனுக்கும் முத்தம் குட்த்துச்சா? வீட்ல சொல்லிடாதே” என்று கேலிதான் செய்தார்கள். வீட்டில் வந்து அவர் சொன்னபோது நானும் சிரித்தேன். புண் வந்தவரை ஈர வேலையிலிருந்து எடுத்துத் தோல் காயவைக்கிற பக்கம் மாற்றுவதும், ஆறும்வரை காத்திருப்பதும் அங்கே வழக்கம். மேஸ்திரி மாற்றினார். காத்திருந்தோம். பள்ளம் விழவேண்டியது மேடாக வளர்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் வேலூருக்கு பஸ் ஏறினோம்.

சதையை வெட்டிச் சோதித்துவிட்டு, தோல் புற்றுநோயில் இது அரிதான வகை, உள்ளே வைரஸ் இருக்கிறது என்றார்கள். மற்றதெல்லாம் அவர் காதில் விழவில்லை. கொரோனா பார்த்த ஊர் இல்லையா, வைரஸ் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். அன்றே தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாகிவிட்டது. அவர் கைமேல் தலைவைத்துத் தூங்கிப் பழகிய பிள்ளை, கதவுக்கு இந்தப் பக்கம் அழுது அழுது தூங்கினாள்.

கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். போன முறை, கல்லீரல்வரை போய்விட்டது, இனி வலிக்கு மட்டும்தான் பார்க்கமுடியும் என்று டாக்டரம்மா எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டார். இந்த முறை வலி மாத்திரைக்குப் போனபோது நான்தான் வீம்பாக மகளையும் அழைத்துப் போனேன். ஒட்டாது என்று டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும், மிச்சமிருக்கிற நாளிலாவது அவளைத் தூக்கட்டும் என்று.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “இருக்கலாம். என் தோல்லயும் இருக்கலாம். சும்மா கிடக்கும். உங்களுக்கு அது செல்லோட மரபணுவுக்குள்ள புகுந்துடுச்சு. கெட்டுப்போன செல் தானாவே செத்துடணும், உடம்புல அப்படி ஒரு ஏற்பாடு. அதைச் சாகவிடாம இது தடுத்து வச்சிருக்கு. அதான் பெருகுது. உங்ககிட்டேர்ந்து புற்றுநோய் யாருக்கும் ஒட்டாது. பொண்ணைத் தூக்கிக்குங்க.”

“எனக்கு மட்டும் ஏன் உள்ள பூந்துச்சு?”

“வெயில், எதிர்ப்பு சக்தி கம்மின்னு பொதுவா சொல்லலாம். உங்களுக்கு ஏன்னு கேட்டா, தெரியலைங்க.”

“பாருமே,” என்றார் என்னிடம். “அவங்களுக்கே தெரியலயாம்.”

“ஒட்டாதுன்றது தெரியுது இல்ல? அது போதுங்க” என்றேன்.

“இது மொளச்ச அன்னிக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் எல்லாரும் சொன்னீங்க.”

மகள் என் மடியிலிருந்து இறங்கி அவர் பக்கம் கையை நீட்டினாள். அவர் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தான் போட்டார். எழுந்து, தன் நாற்காலியைச் சுவர் ஓரமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார்.