பம்பாய் விமானத்தில் மல்லிகை மொக்கு

விமான நிலையத்தால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கேட்கிறவர்களில் ஒருத்தர்கூட அதை வைத்துப் பிழைத்தவர் இல்லை. கோட்டுக்காரன் ஏறுவான், மந்திரி இறங்குவான், நமக்கென்ன என்பார்கள். எங்கள் ஜோகுபாளையத்திலும் அந்தக் காலத்தில் அதே பேச்சுதான். விமானம் என்றால் தலைக்கு மேலே சத்தம் போட்டுக்கொண்டு போகிற சாமான், அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் கடைசி அது. அல்சூரில் ஒரு மொத்தப் பூக்கடையில் நான் பூ கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். சாயங்காலம் விற்காமல் நின்ற பூவின் நஷ்டத்தைக் கடைக்காரர் எங்கள் கூலியில் பிடிப்பார். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"லாபம் வந்தா உன்னுது, வாடினா எங்களுதா? இன்னா நாயம்யா இது?"

"அவ்ளோ ரோஷமிருந்தா நீயே கடை போடு. நாலு நாள்ல திரும்பி வருவே, பாரு."

பூ கட்டும் நூலை அவர் முன்னால் போட்டுவிட்டு வந்தேன். அங்கேயே கட்டிக்கொண்டிருந்த என் நாத்தனாரும் இன்னும் இரண்டு பெண்களும் என் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ரோஷத்தில் எழுந்து வந்துவிட்டோம். நாலு வீட்டு அடுப்பும் இப்போது என் தலையில். வேறு வேலை கிடைக்காவிட்டால் நால்வரும் அதே ஆளிடம் தலையைக் குனிந்துகொண்டு போய் நிற்க வேண்டும்.

முதலில் கிடைத்தது மாலை கட்டும் வேலை. விமான நிலையத்தில் வந்து இறங்குகிற பெரிய மனிதர்களுக்குப் போடும் ரோஜா மாலை. ஒருநாள் மாலையோடு போனால் விமானம் வரவில்லை. சரக்குக் கொட்டகை ஓரம் நின்றேன். அங்கே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் கீச்சு கீச்சென்று கத்தின. மூட்டை தூக்குகிறவர் அல்சூர்க்காரர், முகம் தெரிந்தவர்.

"இன்னாண்ணா, பெட்டி கத்துது?"

"கோழிக்குஞ்சும்மா. நேத்து பொரிச்சது. பம்பாய் போவுது."

"குஞ்சு ஏரோப்ளேன்லயா போவுது?"

"உன்னயும் என்னயும் விட சொகமா போவுது. மத்தியானம் அங்க தீனி தின்னும்."

எனக்கு மண்டையில் அடித்தது போலிருந்தது. கோழிக்குஞ்சு போகும்போது பூ ஏன் போகக் கூடாது? காலையில் பறித்த மல்லிகை மொக்கு சாயங்காலம்தான் மலரும். ரயிலில் விட்டால் வழியிலேயே மலர்ந்து அழுகிவிடும். விமானத்தில் போட்டால் பம்பாயில் போய் மலரும். அங்கே மாதுங்காவில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அங்கே பூக்கடை வைத்திருந்த ஒருவர், எங்கள் தெருவில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, நல்ல மல்லி கிடைப்பதில்லை என்று புலம்பி, தன் கடை போன் நம்பரையும் கொடுத்திருந்தார். தெருமுனை மருந்துக்கடை போனிலிருந்து அவருக்கு டிரங்க் கால் போட்டேன். "அனுப்புங்க, பாப்போம்" என்றார்.

முதல் கூடையை நாங்கள் அனுப்பிய லட்சணத்தைச் சொல்ல வேண்டும். கட்டின பூவைப் பந்தாகச் சுருட்டி, கை நிறையத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி, மூங்கில் கூடையில் அடைத்தோம். பூ என்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும். பூ கட்டத் தெரிந்த கைக்கு இது தானாக வரும். கட்டுகிற பெண்ணின் பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும்.

ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் ஒரு கன்னட குமாஸ்தா.

"எஷ்டம்மா?"

"நூறு மொழம், சாமி."

அவர் சிரித்துவிட்டார். "இல்லி மொளா நடெயல்லம்மா. தூக்கா!" முழக் கணக்கு இங்கே செல்லாது, எடைதான் என்கிறார். கூடையைத் தராசில் வைத்ததும் அடியிலிருந்து தண்ணீர் ஓடியது. "அய்யோ, நீரு சோர்தா இதே!" என்று காகிதங்களைத் தூக்கிப் பிடித்தார். மூட்டை தூக்கும் அண்ணன் சாக்கைப் பிழிந்தார், அடியில் வாழை இலையை விரித்தார். எப்படியோ போனது.

மறுநாள் பம்பாயிலிருந்து போன். "அம்மா, பூவா அனுப்பினீங்க? திறந்தா ஆவி வருது. எல்லாம் கறுத்துப்போச்சு."

தண்ணீர் போதவில்லை என்று நாத்தனார் தீர்ப்புச் சொன்னாள். இரண்டாவது கூடைக்கு இன்னும் தெளித்தோம். அது இன்னும் கறுப்பாகப் போய்ச் சேர்ந்தது. "இன்னொரு தடவை பார்க்கிறேன். அதுக்கு மேல என்னால ஆகாதும்மா" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல முடியாது. அழுகின பூவை எவள் தலையில் வைப்பாள்?

இதற்குள் விஷயம் அல்சூர் கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது. நான் போகிற வழியில் ஒருவன், "இன்னாக்கா, இன்னிக்கு எந்த ஊருக்கு எரு அனுப்புறே?" என்றான். அவனை நான் கேட்டதை இங்கே எழுத முடியாது.

மூன்றாவது கூடை அனுப்புகிற காலையில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. குழாயடியில் குடங்கள் வரிசையாகக் காய்ந்து கிடந்தன. தன் வீட்டில் குடிக்க வைத்திருந்த கொஞ்சத்தை நாத்தனார் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கொழந்தைங்க குடிக்க இன்னா பண்ணும்? வையி கீழே" என்றேன்.

"தண்ணி படாத பூவ அனுப்புவாங்களா, அண்ணி? பொணத்துக்குப் போடுற பூவாட்டம் கீது!"

"தண்ணி பட்ட பூ மட்டும் ரெண்டு தடவ மணந்துதா? கட்டுடி பேசாம."

எனக்கு ஒன்றும் தெரிந்து அப்படிச் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னதுதான். விமானம் எங்களுக்காக நிற்காது. கட்டின மொக்குகளை அப்படியே காய்ந்த வாழை இலையில் வைத்து, ஈரச் சாக்கு இல்லாமல், கூடையைத் துணியால் மூடிக் கட்டினோம். நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே கட்டினாள். குமாஸ்தா தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதே அளவு பூ, எடை பாதியாகக் குறைந்திருந்தது. அதுவரை நாங்கள் பம்பாய்க்குத் தண்ணீரைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்!

அன்று நால்வரும் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் போன் வந்திருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் எடுத்தேன். பம்பாய்க் கடைக்காரர்தான்.

"அம்மா, இன்னா பண்ணீங்க இந்தத் தடவை?"

"ஏன், இதுவும் போச்சா?"

"அட, இல்லம்மா! கடையில வச்சு ஒரு மணி நேரத்துல எல்லாம் மலர்ந்துச்சு. சண்டை போட்டு வாங்கினாங்க. தெனமும் அனுப்புங்க. ரெண்டு கூடையா அனுப்புங்க."

அடைத்த கூடையில் ஈரம் புழுங்கிப் பூவை வேகவைத்திருக்கிறது. கடையில் காற்றாட விரித்து வைத்து விற்கிற பூவுக்குத் தண்ணீர் வேண்டும். மூடி அனுப்புகிற பூவுக்கு அது விஷம். இவ்வளவுதான் சங்கதி. நாத்தனாரிடம் சொன்னேன். நம்பவில்லை. "பம்பாய்க்காரிங்களுக்குப் பூவே தெரியாது" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு பம்பாய்ப் பூவின் பக்கம் சொம்பைக் கொண்டுபோகவில்லை.

தினமும் இரண்டு கூடை என்றானதும் பூ போதவில்லை. வர்த்தூர் பக்கத்திலிருந்து மல்லி கொண்டுவருகிற ஒரு கன்னட விவசாயியிடம், இன்னும் செடி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவருக்கு ராகி நிலம்தான் அதிகம், மல்லி ஒரு துண்டு. சைக்கிளைப் பிடித்துக்கொண்டே என்னைத் திருப்பிக் கேட்டார்.

"அக்கா, செடி வச்சா பூக்க ஒரு வருஷமாவும். அடுத்த வருஷமும் அந்த ஏரோப்ளேன் போவுமா?"

இதை விமான நிலையத்து ஆபீசர் எவரும் என்னிடம் கேட்டதில்லை. விமானம் பறக்குமா என்று அவர் கேட்கவில்லை. அதை நம்பி நிலத்தை மாற்றலாமா என்று கேட்டார். ஒரு ஊர் முன்னேறுவதும் முன்னேறாததும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதிலில்தான் இருக்கிறது.

"போவும். நான் தெனமும் போய் நின்னு பாக்குறேன், இல்ல? நீ வையி" என்றேன்.

வைத்தார். அவரைப் பார்த்து அவர் பங்காளியும் வைத்தார். மறுவருஷம் சைக்கிளின் இரண்டு பக்கமும் கூடை தொங்க இருவரும் வந்து நின்றபோது, கட்டுவதற்கு எங்கள் நாலு பேர் கை போதவில்லை. அல்சூர் கடையில் முன்பு எங்களோடு கட்டின பெண்களை வரச் சொல்லி நாத்தனாரை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஆறு பேரோடு வந்தாள்.